மழை வரும்வரை ஸ்டெல்லா சிஸ்டர் வீட்டில்

1. மூன்றாவது டிக்கெட்

ஒரே வீட்டிலிருந்து ஒரே மாதத்தில் மூன்றாவது முறை புகார் வந்தால் அதற்கு எங்கள் ஆபீஸில் ரிப்பீட் கம்ப்ளைன்ட் என்று பெயர். ஒவ்வொரு புகாரும் ஒரு டிக்கெட்டாக எங்கள் போனில் வந்து விழும். அந்த ஆடி மாதக் காலையில் எனக்கு வந்த ரிப்பீட், ஆர்.கே.புரத்து அரசாங்கக் குடியிருப்பு ஒன்றின் முதல் மாடி வீடு. புகார் ஒரே வரி: "மழை பெய்தால் நெட் போகிறது."

டெல்லியில் வீடு வீடாகப் போய் இன்டர்நெட் லைன் போடுவதும் பழுது பார்ப்பதும்தான் இருபது வருடங்களுக்கு மேலாக என் வேலை. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். முதலில் செம்புக் கம்பி, இப்போது ஃபைபர். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த ஒரு வீட்டுக் கதையைத்தான்.

அந்த வீட்டுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை போயிருந்தேன். முதல் தடவை ரூட்டரையும் அடாப்டரையும் மாற்றினேன். இரண்டாம் தடவை மொட்டை மாடிக்கு ஏறி, ஜங்ஷன் பாக்ஸில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். சொட்டு ஈரம் இல்லை. இருந்தாலும் கனெக்டரை வெட்டிப் புதிதாகப் போட்டேன். பவர் மீட்டரை வைத்தால் மைனஸ் பத்தொன்பது. கேபிளில் வெளிச்சம் எவ்வளவு வருகிறது என்பதன் கணக்கு அது. மைனஸ் இருபத்தேழைத் தாண்டிக் கீழே போனால்தான் கவலைப்பட வேண்டும். பத்தொன்பது என்றால் அருமையான லைன். இரண்டு தடவையும் "சரி செய்யப்பட்டது" என்று டிக்கெட்டை மூடினேன். இரண்டு தடவையும் அடுத்த மழைக்கே நெட் போனது.

எங்கள் சூப்பர்வைசர் மெஹ்ரா சார் பஞ்சாபி. அவர் பேசும் ஹிந்தியைத் தமிழில் எழுதுகிறேன். "லைன் சரியா இருக்கு, ரூட்டர் புதுசு. அப்புறம் என்ன? வீட்டு கரண்ட்ல கோளாறுன்னு எழுதி மூடிடு. ஜல்தி" என்றார்.

எனக்கும் அப்படி எழுதிவிடலாம் என்றுதான் தோன்றியது. அப்படி எழுதுவதற்காகவே அன்று மூன்றாவது தடவை போனேன்.

2. நோட்டுப் புத்தகம்

அந்த வீட்டு ஸ்டெல்லா தூத்துக்குடிக்காரர். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பல வருடம் நர்ஸாக இருந்தவர். கணவர் அந்தோணி ஒரு அமைச்சகத்தில் கிளார்க். போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிப்போனது. அவரைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியாமல் ஸ்டெல்லா ஆஸ்பத்திரி வேலையை விட்டார். இப்போது வீட்டிலிருந்தே வேலை. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போன நோயாளிகள் சந்தேகம் கேட்டுக் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டரில் அவர்கள் கேஸைப் பார்த்து இவர் பதில் சொல்ல வேண்டும்.

கதவைத் திறந்தவர் கோபமாக எதுவும் சொல்லவில்லை. ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். ஆஸ்பத்திரியில் காய்ச்சல் குறிப்பதுபோல எழுதி வைத்திருந்தார். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு மழை, ரூட்டரில் எத்தனை மணிக்குச் சிவப்பு விளக்கு, எப்போது பச்சை என்று எல்லாம் இருந்தது. மழை தொடங்கிய உடனே போகவில்லை. ஒருநாள் பத்து நிமிடம் கழித்து, இன்னொரு நாள் அரை மணி கழித்து. இரண்டு நாள் தூறலில் போகவே இல்லை.

"சிஸ்டர், உங்க வீட்டு ஒயரிங்ல ஏதோ இருக்கு. ஒரு எலக்ட்ரீஷியனக் கூப்பிட்டுப் பாருங்களேன்" என்றேன்.

"கரண்ட் போனா ஃபேன் நிக்கணும்லா அண்ணாச்சி? ஃபேன் ஓடுது, லைட் எரியுது. உங்க டப்பாவுல மட்டும் சிவப்பு."

நிமிர்ந்து பார்த்தேன். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்த மாசம் நாலு போன் கால் பாதியில கட்டாயிட்டு. இன்னொரு தடவ கட்டானா குருகிராம் ஆபீஸுக்கு வந்து உக்காந்து வேல பாருங்கன்னுட்டாவ. இவரப் போட்டுட்டு நான் எப்படிப் போவேன்? மழ இல்லாதப்ப வந்து பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். மழ வார வரைக்கும் ஒரு தடவ உக்காந்து பாருங்க அண்ணாச்சி. அது போதும்."

வாசலில் நின்று மெஹ்ரா சாருக்குப் போன் போட்டேன். அரை நாள் இங்கேயே இருக்கிறேன் என்றேன்.

"அரை நாளா? ஒரே வீட்டுக்கா?"

"ஆமா சார். மத்தியானம் மழைன்னு சொல்லியிருக்காங்க."

அவர் பக்கத்திலிருந்த யாரிடமோ அன்றைய டிக்கெட் பட்டியலைக் கேட்டார். பிறகு, "அச்சா. உக்காரு. உன் மத்த ரெண்டு டிக்கெட்டை நான் வேற ஆளுக்குத் தர்றேன்" என்றார். அன்று அவர் முடியாது என்று சொல்லியிருந்தால் இந்தக் கதை இல்லை.

3. பச்சை, சிவப்பு

மழை இரண்டரை மணிக்கு வந்தது. முன்னறையில் ரூட்டருக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லா தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு நோயாளியிடம் ஹிந்தியில் பேசிக்கொண்டிருந்தார். விளக்கு பச்சை. ஐந்து நிமிடம் ஆனது, பத்து ஆனது, மழை கொட்டியது. பச்சைதான். எனக்கு உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம். பார்த்தீர்களா, என் லைனில் ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயைத் திறக்கப் போனேன்.

அப்போது உள்ளறையிலிருந்து கட்டிலைத் தட்டும் சத்தம் கேட்டது. காற்று திரும்பி, சாரல் அந்தோணியின் மேல் அடித்திருக்கிறது. ஸ்டெல்லா பேச்சை நிறுத்தாமல், ஹெட்போனோடு உள்ளே ஓடினார். ஜன்னலைத் தோளால் முட்டித் தள்ளும் சத்தமும், தாழ்ப்பாளை அடித்து இறக்கும் சத்தமும் எனக்குக் கேட்டன.

விளக்கு சிவப்பானது.

"ஹலோ... ஹலோ மாதாஜி..." என்றபடி ஸ்டெல்லா வெளியே ஓடிவந்தார். மறுமுனையில் இருந்தது தையல் போட்ட இடத்தில் ரத்தம் கசிகிறது என்று கூப்பிட்ட ஒரு வயதான அம்மாள். எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று சொல்வதற்குள் கட்டாகிவிட்டது. ஸ்டெல்லாவின் சிம்முக்கு அந்த வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. என் போனில் கிடைத்தது. ஹாட்ஸ்பாட் போட்டு மேசைமேல் வைத்தேன். அவர் திரும்ப இணைத்தார். அந்த அம்மாள் எடுத்தார். ஸ்டெல்லா நிதானமாகக் கேள்வி கேட்டு, பதில் சொல்லி, மகனைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்ன பிறகுதான் ஹெட்போனைக் கழற்றினார்.

அதற்குள் நான் பவர் மீட்டரை வைத்துப் பார்த்தேன். மைனஸ் முப்பத்து நான்கு. கேபிளை ரூட்டரிலிருந்து கையால் தடவிக்கொண்டே போனேன். சுவரோரமாக உள்ளறைக்குள் நுழைந்து, கட்டிலுக்கு மேலே ஏறி, ஜன்னலுக்குப் போனது. மரச்சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே நசுங்கி மடங்கிக் கிடந்தது.

ஃபைபர் என்பது முடிபோல ஒரு கண்ணாடி இழை. மடங்கினால் வெளிச்சம் அங்கேயே சிதறிவிடும். வெயில் காலத்தில் அந்தச் சட்டத்தில் ஒரு பென்சில் நுழையும் இடைவெளி இருந்தது. ஜன்னலைச் சாத்தினாலும் கேபிளுக்கு ஒன்றும் ஆகாது. மழைக்காலத்தில் மரம் ஊதிவிட்டது. சாதாரண நாளில் ஜன்னல் முழுக்கச் சேராமல் ஒருக்களித்தே கிடக்கும். சாரல் அடிக்கும்போது மட்டும்தான் முட்டித் தள்ளித் தாழ்ப்பாள் போடுவார்கள். மழை விட்டதும் புழுக்கத்துக்குத் திறந்துவிடுவார்கள். பிறகுதான் நான் வருவேன்.

தாழ்ப்பாளைத் தூக்கி ஜன்னலைத் திறந்தேன். "சிஸ்டர், விளக்கைப் பாருங்க."

இரண்டு நிமிடம் கழித்து முன்னறையிலிருந்து குரல் வந்தது. "பச்ச!"

4. யார் போட்ட லைன்

இதற்கு மேல் எழுதக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கேபிளை ஜன்னல் இடுக்கு வழியாக இழுத்தவன் நான்தான். சித்திரை மாதம் லைன் போட வந்த அன்று கரண்ட் இல்லை. சுவரில் துளை போட டிரில் ஓடவில்லை. "இப்போதைக்கு இப்படி இருக்கட்டும், நாளைக்கு வந்து துளை போட்டுத் தர்றேன்" என்று சொல்லிப் போனவன், மறந்தே போனேன். பழுது பார்க்க வந்த இரண்டு தடவையும் உள்ளறைக்குள் போகவில்லை. நோயாளி தூங்குகிறார், தொந்தரவு செய்யக்கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நிஜம் என்னவென்றால் சோம்பல்.

சொல்லாமல் சரிசெய்துவிட்டுப் போயிருக்கலாம். எலி கடித்தது என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அந்த நோட்டு மேசைமேல் திறந்தபடி கிடந்தது.

"சிஸ்டர், மழை மேல தப்பில்ல. இத இப்படிப் போட்டது நான்தான். என்னால உங்க வேலையே போக இருந்துச்சு."

கட்டிலில் இருந்த அந்தோணி முதலில் சிரித்தார், ஒரு பக்க வாயால். "மழ... பாவம்" என்றார், ஒவ்வொரு எழுத்தாக. ஸ்டெல்லாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"நானும் தெனம் அந்த ஜன்னலச் சாத்துதேன். எனக்கும் தோணலையே. நீங்க ஒளிக்காமச் சொன்னீங்களே, அதே பெருசு. மொதல்ல சாப்பிடுங்க. மணி மூணாவுது."

சாப்பிட்டேன். மீன் குழம்பு. பிறகு சுவரில், வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்து சரியும்படி துளை போட்டேன். மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்கத்தான் அந்தச் சரிவு. புதுக் கேபிளை இழுத்து, துளைக்கு வெளியே அது ஒரு வளையமாகத் தொங்கும்படி விட்டேன். தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். துளையைச் சிலிக்கான் வைத்து அடைத்தேன். ஜன்னலைத் தாழ்ப்பாள் போட்டு அளந்தேன். மைனஸ் பத்தொன்பது.

மெஹ்ரா சாரிடமும் உள்ளதைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினார்தான், இரண்டு நிமிடம். பிறகு, "அந்த வெயில் சீசன்ல நீ இப்படி ஜன்னல் வழியா லைன் போட்ட வீடு இன்னும் எத்தனை?" என்று கேட்டார். ஞாபகப்படுத்திப் பார்த்ததில் நான்கு. அடுத்த இரண்டு நாள் வேறு வேலை எதுவும் எனக்குத் தரவில்லை. நான்கு வீட்டிலும் சுவரில் துளை போட்டு முடித்தேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வாடிக்கையாளருக்கு ஃபைபர் தெரியாது. ஆனால் அந்த வீட்டில் இருபத்து நான்கு மணி நேரமும் இருப்பது அவர்கள்தான். "மழை பெய்தால் போகிறது" என்று அவர்கள் சொன்னால், மழையின்போது அந்த வீட்டில் என்னென்ன நடக்கிறது என்று கேளுங்கள். பழுது கண்ணில் படும்வரை உட்காருங்கள். முக்கியமாக, நீங்களே போட்ட லைனை வேறு யாரோ போட்டதாக நினைத்துச் சோதித்துப் பாருங்கள். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது கம்பெனியின் டிரெயினிங் இல்லை. என்னைத் துரத்தாமல் உட்கார வைத்த ஒரு நர்ஸ்.

பத்து நாள் கழித்து நல்ல மழை. லக்ஷ்மிபாய் நகரில் ஒரு மாடிப்படியடியில் ஒதுங்கி நின்றிருந்தேன். போன் அடித்தது. ஸ்டெல்லா சிஸ்டர் நம்பர். துளை வழியாகத் தண்ணீர் இறங்கிவிட்டதோ என்று நினைத்தபடி எடுத்தேன்.

"சொல்லுங்க சிஸ்டர், நெட் போயிட்டா?"

"இல்ல அண்ணாச்சி. மழ கொட்டுது, ஜன்னல் பூட்டியாச்சு, பச்சையா எரியுது. நெட்டுலதான் பேசுதேன். உங்கட்ட சொல்லணும்னு தோணிச்சு, அவ்வளவுதான்" என்றார்.