பன்னிரண்டாம் நம்பர் பலகை

ஆரியசாலை கருப்பட்டிக்கடை அண்ணாச்சி போய்விட்டார். நேற்று சாயங்காலமாம்... காலையில் அவர் மகள் போன் பண்ணிச் சொன்னாள்.

தொண்ணூற்றைந்து தாண்டிய வயது, படுக்கையில் கிடக்காமல் போனார், கல்யாணச் சாவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ மனசு ஆறவில்லை.

இந்த முகநூலில் இருக்கும் பாதிப் பேருக்கு அவர் யாரென்றே தெரியாது. அதனால் சொல்கிறேன்.

எனக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனது. பத்தொன்பது வயதில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. திருவிதாங்கூர்-கொச்சி என்று இருந்த காலம். கம்பை ஊன்றிக்கொண்டு கிழக்கேகோட்டை வரை நடந்துபோய் பஸ் ஏற வேண்டும்.

முதல் வாரமே எங்கள் சந்து முனையில் இருந்த ஓடையில் விழுந்தேன். மூடியிருந்த கல்லை ஏதோ பாரவண்டி உடைத்துப்போட்டிருந்தது. மற்றவர்கள் ஒரே தாண்டாகத் தாண்டிப் போய்விடுவார்கள்... நான் எங்கே தாண்ட?

இன்னொரு தடவை விழுந்தால் வேலைக்கு முழுக்குதான், வீட்டோடு இரு என்று அப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார்.

சாலைக் கம்போளம், அதாவது எங்கள் கடைத்தெரு, அன்றைக்கும் லேசுப்பட்ட இடம் இல்லை. பகலில் இரண்டு பக்கமும் மூட்டை, நடுவில் மாட்டுவண்டி, சுமடு தூக்குகிறவர்களின் சத்தம். இருட்டிவிட்டால் மூட்டையெல்லாம் உள்ளே போய்விடும், நடக்க இடம் கிடைக்கும், ஆனால் ஓடை எங்கே இருக்கிறது என்று தெரியாது. என் காலுக்குப் பகலும் ஒன்றுதான், ராத்திரியும் ஒன்றுதான்.

சந்து முனைக் கடைதான் அண்ணாச்சியுடையது. திருநெல்வேலிக்காரர். இருபத்துநாலு வயதிலேயே ஊருக்கெல்லாம் அண்ணாச்சி!

நான் விழுந்த மறுநாள் காலையில் பார்த்தால் ஓடைமேல் ஒரு பலகை கிடக்கிறது. கடையை அடைக்க வரிசையாகச் செருகுவார்களே, அந்த நிரைப்பலகையில் கடைசி. தாரில் 12 என்று எழுதியிருந்தது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எனக்காக யாரும் ஒன்றும் போடவேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னேன்.

"உங்களுக்குன்னு யாரு சொன்னா? எனக்குச் சரக்கு இறக்கணும்லா," என்றார், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

நம்பினேன்... அவர் கடைக்குச் சரக்கெல்லாம் முன்வாசல் வழியாகத்தான் இறங்கும் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அவர் கடை முன்னால் மட்டும் மூட்டைகள் ஒரு முழம் உள்ளே தள்ளி இருக்கும் என்பதையும் அப்போதுதான் கவனித்தேன்.

கடைப்பலகை எதற்கு, பழைய பலகை ஏதாவது போடக்கூடாதா என்று கேட்டேன். போட்டால் ராத்திரியோடு ராத்திரியாக அடுப்புக்குப் போய்விடும் என்றார். இதுவென்றால் கடை அடைக்கும்போது எடுத்தாக வேண்டும், மறக்காது என்றார்.

ஆக, சாயங்காலம் நான் அந்தப் பலகையைக் கடந்து சந்துக்குள் போன பிறகுதான் அவர் கடையை அடைக்க முடியும். இது எனக்கு உறைக்கவே இல்லை.

ஒரு நாள் நல்ல மழை. கூட வேலை பார்த்த பெண்ணின் அண்ணன் கார் கொண்டுவந்தார். பின்தெரு வழியாகச் சுற்றி வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டார். நடந்தால் ஒரு மைல் சுற்று அது. கார் சவாரி செய்த பெருமையில் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனேன்.

காலையில் சந்து முனைக்கு வந்தால்... ஓடைமேல் பலகை அப்படியே கிடக்கிறது. கடையில் பதினொரு பலகை செருகியிருக்கிறது. மிச்சமிருந்த அந்த ஒரு பலகை இடைவெளியில் அண்ணாச்சி உட்கார்ந்திருக்கிறார். கண்ணெல்லாம் சிவந்துபோய், பக்கத்தில் நனைந்த குடை.

கடையை அடைக்கவில்லையா என்று கேட்டேன்.

"நீங்க வரலியே," என்றார். மழைக்குள் இரண்டு தடவை லாந்தரை எடுத்துக்கொண்டு ஓடை நெடுகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

வீட்டில் வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன்.

"வயசுப்பிள்ள இருக்க வீடு. ராத்திரி நான் வந்து கதவத் தட்டினா நாலு பேரு என்ன சொல்லுவான்?"

நடு ரோட்டில் நின்று அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய், "சாரமில்ல, ஒண்ணுமில்ல, பஸ்ஸு போயிரும், நடங்க" என்று என்னை விரட்டினார்.

அன்றிலிருந்து தினமும் பலகையைத் தாண்டியதும் ஒரு குரல் கொடுப்பேன். "வந்தாச்சு அண்ணாச்சி, அடைச்சுக்கிடுங்க." வேறு வழியாக வந்தால் தம்பியை அனுப்பிச் சொல்லச் சொல்வேன். ஓடைக்குப் புதுக் கல் போட்ட பிறகும், எனக்குக் கல்யாணமாகி கரமனை போகும்வரை அந்தக் குரல் நிற்கவில்லை.

நான் மறுபடி விழவில்லை. அந்த வேலையில்தான் ரிட்டயர் ஆனேன்.

கடைக்கு மேலேதான் அவர் வீடு. இன்றைக்கு அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். கார் கம்போளத்துக்குள் போகவில்லை. இறங்கி வாக்கரை வைத்தால் ரோட்டோரம் பூராவும் ஸ்கூட்டர், அட்டைப்பெட்டி... பத்தடிகூட நகர முடியவில்லை. பேத்தி வேண்டாம் பாட்டி என்று திருப்பிக் கூட்டிவந்துவிட்டாள்.

உங்கள் கடை வரைக்கும் வர முடியவில்லை. மன்னிச்சிடுங்க.

பத்திரமா வீட்டுக்கு வந்தாச்சு அண்ணாச்சி... நீங்க அடைச்சுக்கிடுங்க.