வாசற்படியடியில் மூன்று பதக்கங்கள்

போன ஞாயிறு சிரம்பான் கோவில் வாசலில் ஒரு நண்பர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "லாபு வீட்டை வித்துட்டீங்களாமே! ரப்பர் விலை இப்படி விழுந்து கிடக்கிற நேரத்துல யாரு வாங்குனது?"

"சூசையப்பர் பார்த்துக்கிட்டார்" என்றேன். மீதியைச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு தோட்டத்துக்கு என் கணக்கெழுதும் கிராணி வேலை மாறியது. லாபுவில் நான்கு வருஷம் குடியிருந்த பலகை வீட்டை விற்றாக வேண்டும். மூன்று மாதம்... ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் கோவிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார்தான் என் மனைவி மரியாளிடம் ஒரு வழி சொன்னார் — புனித சூசையப்பர் உருவம் பொறித்த பதக்கம் ஒன்றை வாசற்படியடியில் புதைத்து, ஒன்பது நாள் நவநாள் ஜெபம் சொல்ல வேண்டும்.

எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் மனைவி சொல்லி மண்வெட்டி எடுக்காத கணவர் உண்டா?

ஒரு சாண் தோண்டியிருப்பேன். மண்ணோடு வட்டமாய் ஏதோ வந்தது. துடைத்தால் — சூசையப்பர் பதக்கம்! பச்சை பிடித்திருந்தது. இன்னும் தோண்டினேன். இன்னொன்று... முகமே தேய்ந்து கறுத்துப்போனது.

எங்களுக்கு முன்னால் இந்த வீட்டை விற்கத் தவித்தவர்கள் இரண்டு பேர். எதற்காக?

மரியாள் இரண்டு பதக்கங்களையும் கையில் வாங்கிப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "பின்னறையில இருமல்... உங்களுக்கும் கேக்குதா?"

மத்தியானம் மழைக்கு இருட்டினால் போதும், பூட்டிய பின்னறையில் யாரோ வயதானவர் இருமுவார். நான்கு வருஷமாய்க் கேட்கிறேன். அவள் பயப்படுவாளே என்று மறைத்தேன். அவளும் எனக்காக மறைத்திருக்கிறாள்!

"நான் தினம் உள்ள ஒரு டம்ளர் சுடுதண்ணி வச்சிட்டு வருவேன்" என்றாள்.

"வச்சா?"

"சாயங்காலம் பார்த்தா காலியா இருக்கும்லா."

எங்கள் பதக்கத்தையும் சேர்த்து மூன்றையும் புதைத்தேன்.

ஒன்பதாம் நாள் ஒருவர் வந்தார். தோட்ட ஆஸ்பத்திரியில் டிரஸராக இருந்து, நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்றாயிற்று. மனைவி இறந்து, தனி ஆள். வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். வானம் இருண்டது. பின்னறைக் கதவருகே நின்று காது கொடுத்தார்.

"உள்ள யாருங்க... உங்கப்பாவா?"

'ஆமாம்' என்று சொல்ல வாய் திறந்தேன். மரியாள் முந்திக்கொண்டாள்.

"இல்லைங்க ஐயா. அங்க யாருமே இல்லை. நாங்க வந்த நாள்லேருந்து இப்படித்தான். மறைச்சு விக்க மனசு வரலை."

அவர் பூட்டைத் திறக்கச் சொன்னார். கட்டில்கூட இல்லாத வெற்று அறை. உள்ளே போய் நின்றார். இருமல் மறுபடி கேட்டது — அவருக்கு வெகு அருகில்.

"நெஞ்சுச்சளி" என்றார் மெதுவாக. "ரொம்ப நாளா யாரும் கவனிக்கலை." பிறகு மரியாளைப் பார்த்தார். "வார்டுல இருமல் கேட்டே தூங்கிப் பழகினவன்மா நான். இப்ப இருக்கிற வீட்டுல ஒரு சத்தமும் இல்லை, அதுதான் தாங்கலை. இதையே எடுத்துக்கிறேன்."

போன வாரம் ரயில் ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். எப்படி இருக்கிறீர்கள் என்றுதான் கேட்டேன். "இப்ப பரவாயில்லை" என்றார். "நல்லாத் தூங்குறாரு."

அதிலிருந்து எனக்கு ஒரே யோசனை... அந்த ஒன்பது நாளும் சூசையப்பரிடம் மன்றாடியது நாங்கள் இருவர் மட்டும்தானா?