மஸ்தூராவின் கூடை

"ஃபோனு?" என்று கேட்டுக்கொண்டே மஸ்தூரா ரொட்டிக் கூடையை நீட்டுகிறார். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்தான். ஸ்வீடனின் இந்தச் சிறு நகரத்தில் எந்த உஸ்பெக் வீட்டு விசேஷமானாலும் வாடகை மண்டபத்து வாசலில் அவர் நிற்பார். மாப்பிள்ளையின் அப்பாவே ஆனாலும் கூடையில் ஃபோனைப் போடாமல் உள்ளே கால் வைக்க முடியாது. ஒளித்து வைத்திருப்பவரை முழியைப் பார்த்தே பிடித்துவிடுவார். "சட்டைக்குள்ள என்னண்ணே, சமோசாவா? ஆறிடப்போகுது, எடுங்க."

வார நாட்களில் டிப்போவில் பஸ் கழுவுகிற வேலை. அங்கே வாய் ஓயாது. கடைத்தெருவில் உஸ்பெக் பேச்சு காதில் விழுந்தால் மட்டும் சட்டென்று துருக்கிக்காரி ஆகிவிடுவார். காபிக் கடையில் கதவைப் பார்த்த நாற்காலி கிடைத்தால்தான் உட்காருவார். வெளியாட்களுக்கு இது வேடிக்கை. அகதியாக வந்த குடும்பங்களில் யாரும் சிரிப்பதில்லை.

முன்பு ஒரு விருந்தில், புலாவ் அண்டா பக்கத்தில் அவர் கரண்டியோடு நிற்கிற படம் எப்படியோ ஊர்போய்ச் சேர்ந்தது. அங்கே இருக்கும் அவருடைய தம்பியை உளவுத்துறை ஆட்கள் இரண்டு பேர் வந்து கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தவன் ஒரு தடவைதான் பேசினான். "ஒன்கூட யார் யார் நிக்கிறாங்கன்னு கேட்டாங்கக்கா. இனிமே எனக்குப் போன் பண்ணாத." படத்தை அனுப்பியது யார் என்று இன்றுவரை தெரியாது. அதனால் மஸ்தூராவுக்கு எல்லோர் மேலும் சந்தேகம்.

போன ஞாயிறு காலை, பார்ச்சினின் கல்யாணத்துக்கு மறுநாள். புதுப்பெண் முக்காடிட்டுக் குனிந்து புகுந்த வீட்டாருக்கு சலாம் வைக்க வேண்டும். ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிப் பெண்கள் பாடுவார்கள். பார்ச்சின் ஃபோனைத் தர மாட்டேன் என்றாள். அம்மா ஊரில் இருக்கிறார், வர வழியில்லை.

"நான் குனியறத மட்டும் அம்மா வீடியோல பாத்துக்கட்டும்கா. வேற எதுவும் கேக்கல."

முடியவே முடியாது என்றார் மஸ்தூரா. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபின் அவருக்கே மனசு கேட்கவில்லை. அவளை வெறும் சுவருக்கு முன்னால் நிறுத்தினார். மற்றவர்களையெல்லாம் ஃபோனுக்குப் பின்னால் ஒதுக்கினார். பாட்டு கிடையாது, பெயர் கிடையாது, இருமல்கூடக் கூடாது. ஃபோனைத் தானே பிடித்துக்கொண்டார்.

பார்ச்சின் குனிந்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். மண்டபமே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. சிணுங்கப்போன கைக்குழந்தையைத் தாய் மார்போடு அழுத்திக்கொண்டாள்.

ஃபோனில் அம்மாவின் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"என்னடி, ஒருத்தரையும் காணோம்? பாட்டுச் சத்தமும் இல்ல. யாருக்குடி குனியற? ஒனக்குன்னு அங்க யாருமே இல்லையா?"

பார்ச்சின் வாயைத் திறந்தாள். மஸ்தூராவைப் பார்த்து மூடிக்கொண்டாள். அந்தப் பக்கம் அம்மா அழத் தொடங்கினார்.

மஸ்தூரா பக்கத்தில் நீண்ட ஒரு கையில் ஃபோனைக் கொடுத்தார். அது யாருடைய கை என்று திரும்பிப் பார்க்கவில்லை. நேரே நடந்துபோய், பார்ச்சினின் தோளை அணைத்துக்கொண்டு, ஃபோனில் தன் முகம் நன்றாகத் தெரியும்படி நின்றார்.