கல்மன் என்று வைக்கலாமா

1917ஆம் வருடம், மார்ச் மாதம். மெல்பர்ன் நகரத்தின் கார்ல்டன் பகுதியில் ஃப்ரேடலுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தெருவே சந்தோஷப்பட்டது. பெற்றவள் மட்டும் எட்டாம் நாளை எண்ணிப் பயந்தாள்.

பெண்ணாக இருந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்வார்கள். அப்போதே சபை முன்னால் ஒரு பெயரை உரக்கச் சொல்லியாக வேண்டும். போலந்திலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்து அந்தத் தெருவில் குடியேறிய யூதர்கள், செத்தவர்களின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைப்பார்கள். உயிரோடு இருப்பவன் பெயரை வைத்தால் அவனைக் குழியில் இறக்கியதற்குச் சமம். ரொட்டிக் கடையிலும் ஜெபக்கூடத்திலும் எல்லோர் வாயிலும் ஒரே பெயர்தான் அடிபட்டது: கல்மன்.

கல்மன் ஃப்ரேடலின் தம்பி. போன ஆகஸ்டில், பிரான்ஸில் போசியேர் என்ற கிராமத்துச் சண்டையில் காணாமல் போனான். வந்த தந்தி 'காணவில்லை' என்றது. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஃப்ரேடல் குளிர்காலத்தையும் கோடையையும் தாண்டி வந்திருந்தாள்.

அவனை ஆஸ்திரேலியாவுக்கு வரவழைத்தவள் அவள்தான். அவர்கள் ஊர் ரஷ்யப் பேரரசில், க்ரோட்னோ பக்கத்துச் சிற்றூர். ஜார் மன்னனின் பட்டாளத்துக்குப் பிடித்துப் போய்விடுவார்கள் என்று பயந்து, மீசை அரும்பும் முன்பே அம்மா அவனைக் கப்பலேற்றி அனுப்பினாள். "சிப்பாய் உடுப்பு மட்டும் அவன் உடம்புல ஏறக் கூடாது" என்று அம்மா சொல்லியனுப்ப, ஃப்ரேடலும் சரி என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

வந்த வாரமே ஒரு கூத்து நடந்தது. லைகன் தெருவில் ஒரு போலீஸ்காரர் தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும் கல்மன் எடுத்தான் ஓட்டம். அவரும் துரத்தினார். இரண்டு தெரு தாண்டி, மூச்சு வாங்கி நின்றவன் கையில் அவர் எதையோ திணித்துவிட்டுத் திட்டிக்கொண்டே போனார். அவன் தலையிலிருந்து காற்றில் பறந்த தொப்பி அது.

கல்மன் அந்தக் கதையை ஊரெல்லாம் சொன்னான். ஸெலிக்கின் தையல் பட்டறையில் இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னான். ஸெலிக் ஃப்ரேடலின் கணவன். சிரிக்கத் தெரியாத மனிதர். அவரே சிரித்தார்.

1915இல் ஒரு நாள் கல்மன் காக்கி உடுப்போடு வாசலில் வந்து நின்றான். வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்திருந்தான்.

"அம்மாவுக்கு நான் என்னடா பதில் சொல்றது?" என்றாள் ஃப்ரேடல்.

"ஜார் பட்டாளத்துக்குத்தானே அம்மா வேண்டாம்னாங்க? இது வேற பட்டாளம் அக்கா. தொப்பியை எடுத்துக் குடுக்க ஓடி வர்ற போலீஸ் இருக்கிற ஊரு. இதுக்கு நான் ஏதாவது செய்ய வேண்டாமா?"

"ஒரு தொப்பிக்கு யாராவது தலையைக் குடுப்பாங்களாடா?"

"தலையைக் குடுக்கப் போறதில்ல. போயிட்டு வர்றேன். அதுக்குள்ள சோறு ஆறிடாது."

பட்டாளக் கூடாரத்தில் அவனைக் 'கெல்லி' என்று கூப்பிட்டார்கள். கல்மன் அவர்கள் நாக்குக்குச் சரிப்படவில்லை. எகிப்திலிருந்து ஒரு அஞ்சலட்டை வந்தது. 'வேத காலத்தில் நம்ம ஆளுங்க அடிமைகளாக இருந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தப்பி ஓடிய நாட்டுக்கு, என்னை அரசாங்கச் செலவில் கூட்டி வந்திருக்கிறார்கள்.' ஃப்ரேடல் அதைத் தெருவில் நாலு பேருக்குப் படித்துக் காட்டிச் சிரிக்கவைத்தாள். பிறகு பிரான்ஸ். பிறகு அந்தத் தந்தி.

ஏழாம் நாள் பிற்பகல் ஸெலிக் மெதுவாகப் பேச்சை எடுத்தார். 

"நாளைக்கு ஜெபக்கூடத்து ரபி கேட்பார். நான் என்ன பேர் சொல்றது?"

"உங்க தாத்தா பேரைச் சொல்லுங்க."

"ஃப்ரேடல், எட்டு மாசம் ஆகப்போகுது. அவன் பேரைச் சொல்ல அவனுக்குன்னு பொண்டாட்டி, பிள்ளை யாரும் இல்ல. இப்ப விட்டா அவன் பேரே இல்லாமப் போயிடும்."

"அவன் பேரை அவனே வெச்சிருக்கான். ஜெர்மன்காரன் பிடிச்சு வெச்சிருப்பான். சண்டை முடிஞ்சதும் விடுவான். வந்து இந்தப் படியில ஏறும்போது, தொட்டில்ல தன் பேரைக் கேட்டா என்ன நினைப்பான்? அக்கா என்னைக் கொன்னுட்டாளேன்னு நினைக்க மாட்டானா?"

ஸெலிக் எழுந்து பட்டறைக்குப் போனார்.

அடுப்பில் மீன் வெந்துகொண்டிருந்தது. மறுநாள் விருந்துக்காகப் பக்கத்து வீட்டு சோஸ்யா கேக் சுட்டுக் கொண்டுவந்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வாசலில் ஓர் ஆள் நின்றான். உயரமான, செம்பட்டைத் தலைமுடிக்காரன். கோட்டின் இடது கையை மடித்து ஊசி குத்தியிருந்தான்.

"கெல்லியோட அக்கா நீங்கதானா? என் பேர் ஹார்கன். கிப்ஸ்லாண்ட்ல மாட்டுப் பண்ணை. நானும் அவனும் ஒரே பிரிவு."

ஃப்ரேடல் அவனை உட்காரவைத்து டீ கொடுத்தாள். சோஸ்யா கேக் வெட்டிக் கொடுத்தாள். அவன் கதை மேல் கதையாகச் சொன்னான்.

"பன்றிக் கறி வந்தா, தனக்கு ஆகாதுன்னு என் தட்டுல போட்டுட்டு என் ஜாமை எடுத்துக்குவான். நான் லாபம்னு நினைச்சேன். கடைசியில பார்த்தா, எங்க பிரிவு ஜாம் பூரா அவன் பையில இருக்கு. அதைக் குடுத்து எல்லார் சாக்ஸையும் வாங்கிட்டான். குளிர் வந்ததும் எங்களுக்கே வாடகைக்கு விட்டான் அக்கா."

ஃப்ரேடல் வாய்விட்டுச் சிரித்தாள். பிரசவத்தில் தையல் போட்ட இடம் வலிக்க வலிக்கச் சிரித்தாள். ஹார்கனும் சிரித்தான். ஆனால் டீயைக் குடிக்கவில்லை. இதற்கு முன் இரண்டு தடவை இதே தெருமுனை வரை வந்து திரும்பிப் போனவன் அவன். அது அவளுக்குத் தெரியாது.

"வீட்டுல என்ன விசேஷம்?" என்று கேட்டான்.

"நாளைக்குப் பிள்ளைக்குப் பேர் வைக்கிறோம்."

அவன் முகம் மலர்ந்தது. "பையனா? அப்ப யோசிக்கவே வேண்டாம். கல்மன்னு வைங்க."

சோஸ்யாவின் கையில் கத்தி அப்படியே நின்றது.

ஃப்ரேடல் நிதானமாகத்தான் சொன்னாள். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்க நியாயமில்ல. உயிரோட இருக்கிறவங்க பேரை நாங்க பிள்ளைக்கு வைக்க மாட்டோம். செத்தவங்க பேரை மட்டுந்தான் வைப்போம்."

ஹார்கன் தலையைக் குனிந்துகொண்டான். இருக்கிற ஒரு கையால் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான். அடுப்பில் மீன் பொங்கி வழிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

அவன் எதற்காக வந்திருக்கிறான் என்று அவளுக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. தம்பி எங்கே என்று அவள் கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டாள்.

"வைக்கலாமா?"

அவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். "வைக்கலாம் அக்கா."

பிறகு, கேட்காமலே மற்றதையும் சொன்னான். தண்ணீர் டின்களோடு கல்மன் முன்னால் போனான். இவன் பத்தடி பின்னால். ஒரே குண்டு. இவன் கையும் அதில்தான் போனது. 

"புதைக்கிறதுக்கு எதுவும் கிடைக்கல. தேடினவங்க சொன்னாங்க. அதனாலதான் காணலைன்னு எழுதிட்டாங்க. ஆஸ்பத்திரியில கிடந்தப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல."

அவன் போனதும், துக்கம் காப்பவர்கள் செய்வதுபோல ஃப்ரேடல் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ஸெலிக் ஓடிவந்தார். தம்பிக்கு ஏழு நாள் துக்கம் காக்க வேண்டும். ஆனால் செத்து ஒரு மாதம் தாண்டித் தாமதமாக வந்த சேதிக்கு அந்த ஏழு நாள் கிடையாது. அதை அவளிடம் சொல்ல வேண்டிய பாவம் ஸெலிக்குக்கு வாய்த்தது.

"நம்ம முறைப்படி ஒரு மணி நேரந்தான், ஃப்ரேடல்."

"ஒரு மணி நேரமா? அவனுக்கு ஷூ கயிறு கட்டக் கத்துக்குடுக்கவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு."

அந்த ஒரு மணி நேரமும் முழுசாகக் கிடைக்கவில்லை. நடுவில் குழந்தை அழுதது. சோஸ்யா கொண்டுவந்து மடியில் போட்டாள். ஃப்ரேடல் தரையில் உட்கார்ந்தபடியே பால் கொடுத்தாள்.

மறுநாள் காலை வீடு நிறையக் கூட்டம். ஆண்கள் முன்னறையில் நெருக்கியடித்து நின்றார்கள். ஃப்ரேடல் பெண்களோடு சமையலறைக் கதவோரம் நின்றாள். ஸெலிக் கடைசியாக ஒரு தடவை அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர் ரபியின் காதில் சொன்னார். ரபி உரக்கச் சொன்னார்.

"ஸெலிக்கின் மகன் கல்மன்."

ஜன்னல் அதிர வாழ்த்துச் சத்தம் எழுந்தது. அப்படித்தான் சத்தம் போட வேண்டும். அது வழக்கம். யாரோ பாட ஆரம்பித்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து ஃப்ரேடலைக் கட்டிக்கொண்டார்கள். சிலர் வாழ்த்துச் சொன்னார்கள். சிலர் முதுகை மட்டும் தடவினார்கள். அவள் எல்லோரிடமும் மீனும் கேக்கும் சாப்பிடச் சொன்னாள்.

குழந்தை வீறிட்டுக்கொண்டே கைமாறி வந்தது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"கல்மன்," என்று கூப்பிட்டுப் பார்த்தாள்.

இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக. "கல்மன்."

எட்டு நாள் பிள்ளை அது. அழுகையை நிறுத்தவில்லை. யாரைக் கூப்பிடுகிறாள் என்று அதற்கு எப்படித் தெரியும்.