கூட வந்தவர்

இன்று கும்பகோணத்தில் சர்வேயர் வேலைக்கான எழுத்துத் தேர்வு.

செல்போனோடு உள்ளே விட மாட்டார்கள் என்று தெரியும். வைக்க ஓர் இடமாவது இருக்கும் என்று நினைத்துப் போனேன். இல்லை.

"கூட வந்தவங்ககிட்ட குடுத்துட்டு வாங்க" என்றார் கேட்டில் நின்ற போலீஸ்காரர்.

"யாரும் வரலை சார்."

"அதுக்கு நான் என்ன பண்றது? கேட்டை மூடப் போறோம்."

விதியை எழுதியவருக்கு, எல்லோருக்கும் கூட வர ஓர் ஆள் இருக்கும் என்று நினைப்பு. எங்கள் ஊரில் நடவு நடக்கிறது. என் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க அப்பா கூலியை விட்டுவிட்டு வருவாரா? நண்பர்களில் பாதிப் பேர் திருப்பூரில், மீதிப் பேர் துபாயில்.

மரத்தடியில் ஒருவர் தோளில் கைக்குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். நான் கேட்பதற்குள் கையை நீட்டினார்.

"குடுங்க தம்பி. இவ அம்மா பரீட்சை முடிச்சு வர்ற வரைக்கும் நான் எங்கயும் போக முடியாது."

ஓடினேன். என் முதுகுக்குப் பின்னால் கேட்டை மூடினார்கள்.

மதியம் வெளியே வந்தபோது அதே இடத்தில் நின்றார். சட்டையெல்லாம் பால் கறை.

"இந்தாங்க தம்பி. உங்க போன் ரொம்ப சமத்து. பாப்பாதான் ஊரைக் கூட்டிடுச்சு. இது ஒரு தடவைகூட அழலை."

சிரித்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். எப்படி எழுதினாய் என்று கேட்டு ஒரு மெசேஜ்கூட இல்லை.

எனவே இரண்டு பணியிடங்கள் காலி. அடுத்த தேர்வன்று என் போனோடு கேட்டுக்கு வெளியே நிற்க ஒருவர். அந்தப் போனுக்கு ஒரு தடவை கூப்பிட இன்னொருவர்.

எழுத்துத் தேர்வு கிடையாது.