குதிரையின் பின்னங்கால்கள்

கிரேக்கப் புராணத்தில் பாதி மனிதர்களுக்குப் பஞ்சமில்லை. ஆட்டுக்கால் மனிதனை மேடையேற்ற ஓர் ஆள் போதும். காளைத்தலை மனிதனுக்கு ஒரு முகமூடி போதும். குதிரை மனிதனுக்குத்தான் இரண்டு பேர் வேண்டும்: முன்னால் நிமிர்ந்து நிற்க ஒருத்தி, பின்னால் குனிந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்ள ஒருத்தி.

கோவையில் நான் படித்த கல்லூரியின் ஆண்டு விழாவில் பின்னால் குனிந்தவள் நான். முன்னால் நின்றது, விடுதியில் என் அறையிலேயே தங்கியிருந்த, ஒரு வருடம் மூத்த அக்கா. இரண்டு பழுப்புப் போர்வைகளை வெட்டிக் குதிரை உடம்பைத் தைத்தது முழுக்க நான். இடைவேளைக்குப் பிறகு இடம் மாறிக்கொள்ளலாமா என்று கேட்டேன். மதுக்கரையிலிருந்து அம்மா வருகிறார், என்னை ஒருமுறையாவது மேடையில் பார்க்கட்டும் என்றேன்.

"அதுக்கென்ன, பாத்துக்கலாம் கண்ணு" என்றாள் அக்கா.

எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேராக யாரும் முடியாது என்று சொல்லமாட்டார்கள், பாத்துக்கலாம் என்பார்கள். எத்தனையோ பேரிடம் நானே அதைச் சொல்லி நழுவியிருக்கிறேன். இருந்தும் அம்மாவுக்கு போன் போட்டு, இரண்டாம் பாதியில் தாடி வைத்துக்கொண்டு முன்னால் வருவது நான்தான் என்று சொல்லிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

இடைவேளையில் அக்கா தாடியைக் கழற்றவே இல்லை. பசை காய்ந்துவிட்டதாம், பிய்த்தால் மறுபடி ஒட்டாதாம். அதைச் சொல்லும்போதும் என் தலையைத் தடவிக் கொடுத்தாள். நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டாளே என்று பொருமினேன். ஆனால் மணி அடித்துவிட்டது, குனிந்தேன்.

கதையை மைக்கில் ஒருத்தி வாசிக்க, நாங்கள் பேசாமல் நடிக்க வேண்டும். கடைசியில், தான் பாடம் சொல்லிக்கொடுத்த மாணவனின் விஷ அம்பே தவறிப் பட்டு, குதிரை மனிதர் நான்கு கால்களையும் மடக்கிச் சரிய வேண்டும். அக்கா சரிந்தாள். நான் மடங்கவில்லை. போர்வைக்குள் புழுங்கிக்கொண்டு விறைப்பாக நின்றேன். அரங்கமே சிரித்தது. அவளைப் பழிவாங்கிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

முகம் கழுவி வெளியே வந்தபோது அம்மா கண் கலங்கிக் காத்திருந்தார். என் கன்னத்தை வழித்து முத்தமிட்டார்.

"தாடியில உன்ற மூஞ்சியே தெரியல. ஆனா அந்தச் சாவு இருக்குதே, நெசமாட்டவே இருந்துச்சு கண்ணு. பொறத்தால இருந்த புள்ளதான் கெடுத்துப்போட்டா."

அக்கா பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

"ஆமாங்கம்மா" என்றேன்.