பாறையில் வைத்த படையல்

மான்மறியைக் கரத்தில் ஏந்தி நிற்கும் பெருமானே, என் பிழையை மறைக்காமல் எழுதும் துணிவைத் தருவாயாக. இன்று மார்கழித் திருவாதிரை. நல்ல நாளில்தான் இதைச் சொல்ல வேண்டும். அந்தப் பிழையும் ஒரு நல்ல நாளில் செய்ததுதான்.

வடகரப்பதியில் மலையடிவாரத்தை ஒட்டி எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம் உண்டு. கிணறு வற்றியதும் உழவை நிறுத்தினேன். அடுத்த மழையில் கொழுக்கட்டைப்புல் முழங்காலுக்கு மேல் எழுந்தது, இலந்தைப் புதர்கள் அடர்ந்தன, புள்ளிமான்கள் வந்தன. புல்லை அறுக்கவோ ஆடு மேய்க்கவோ எவரையும் விடவில்லை. ஓரத்தில் ஊர்க்குழாய் நீர் வரும்படி ஒரு தண்ணீர்த்தொட்டி கட்டினேன். வனக்காவலர் வந்து பார்த்து, இதற்குமேல் எதுவும் செய்ய வேண்டாம் என்றார்.

நான் கேட்கவில்லை. பிரதோஷந்தோறும் படைத்த சர்க்கரைப் பொங்கலில் ஒரு பிடியை அங்கிருந்த பாறையில் வைக்கலானேன். காது கிழிந்த பெண்மான் ஒன்று அதைத் தின்னப் பழகிற்று. அது தலை தாழ்த்தும்போதெல்லாம் இறைவனே என் படையலை ஏற்றதாக எண்ணி உள்ளம் உருகினேன்.

என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை.

"ஏனுங்க, புல்லுத் திங்கற வவுத்துக்குப் பொங்கச்சோறு எதுக்குங்க? சாமி கேட்டுச்சா, மானு கேட்டுச்சா?"

பக்தி இல்லாத பேச்சு என்று அவளிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதன்பின் சனிப் பிரதோஷம் வந்தது. பெரிய பானையில் பொங்கி, வாழையிலை நிறையப் பாறையில் பரப்பினேன்.

மறுநாள் மாலை அந்த மான் தொட்டியருகே வயிறு உப்பிக் கிடந்தது. விடிவதற்குள் இறந்துவிட்டது. கால்நடை மருத்துவர் வயிற்றைத் திறந்து பார்த்தார். அசைபோடும் வயிற்றில் அரிசியும் வெல்லமும் புளித்தால் நஞ்சாகிவிடும் என்று தணிந்த குரலில் விளக்கினார். காவலர் அதன் மடியைத் தொட்டுப் பார்த்தார்.

"பாலு கட்டியிருக்குதுங்கய்யா. குட்டி இங்கதான் எங்கியோ படுத்திருக்கோணும்."

தாய் வரும்வரை குட்டி அசையாது, கூப்பிடாது என்பதை அன்றுதான் அறிந்தேன். பொழுது சாயும்வரை காவலரும் என் மனைவியும் நானும் புல்லை விலக்கித் தேடினோம். மறுநாளும் தேடினோம். நான் அந்த நிலத்துக்குச் செய்த ஒரே நன்மை புல்லை வளரவிட்டது. அந்தப் புல் குட்டியை எங்களிடமிருந்தும் நன்றாகவே மறைத்திருந்தது. மூன்றாம் நாள் காக்கைகள் வட்டமிட்டு இடத்தைக் காட்டின. பாறைக்குப் பத்தடி தள்ளி.

மனைவி அந்தப் பெரிய பானையைக் கழுவிப் பரணில் ஏற்றிவிட்டாள். என்னைத் திட்டியிருந்தால் சற்றுத் தாங்கியிருப்பேன்.

இப்போது பொங்கலைக் கோயிலில் மனிதருக்கே கொடுத்துவிடுகிறேன். நிலத்துக்கு வெறுங்கையுடன் போய், தொட்டியை நிரப்பிவிட்டு, வேலிக்கு வெளியே நின்று கும்பிட்டுத் திரும்புகிறேன். மான்கள் வருகின்றன. என்னைக் கண்டால் ஓடுகின்றன, அது போதும்.

இதைப் படிக்கும் எல்லோரும் நலமாக இருங்கள். நீங்கள் அன்பு வைத்த உயிர் எதுவும் உங்கள் கையால் வாடாதிருக்க, அவன் அருள் உங்களைக் காக்கட்டும்.